ரகசியக் கதவு உள்ளேயிருந்தும் திறக்க வேண்டும்

“நாலு தலைமுறையா மேஜிக் பண்ற குடும்பம், அவங்களோட பழைய வீடு. மிச்சத்தை நீங்களே பாத்துக்குங்க” என்று பட இயக்குநர் சொன்னபோது, செட் போடும் கலை இயக்குநரான நான் கேட்ட முதல் கேள்வி, மந்திரவாதி வீடா, வித்தைக்காரர் வீடா என்பதுதான். ரெண்டும் ஒன்றுதானே என்றார். அங்கேயே அரை மணி நேரம் போனது. மந்திரவாதி, வருகிறவன் பயப்பட வேண்டும் என்றே வீட்டை வைத்திருப்பான். வித்தைக்காரருக்கோ யாரும் எதையும் கவனிக்காமல் இருப்பதுதான் பிழைப்பு. என் உதவியாளர்கள் முதலில் வரைந்து கொண்டுவந்த படங்களில் மண்டை ஓடு, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், தோரணம் கட்டிய மாதிரி ஒட்டடை. எல்லாவற்றையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, ‘பக்கத்து வீடு மாதிரியே இருக்கிற வீடு’ என்று பலகையில் எழுதிப் போட்டோம்.

அந்த வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும். சினிமா செட், எஸ்கேப் ரூம், கண்காட்சிப் பேய் வீடு, பள்ளி ஆண்டு விழா மேடை என்று எதில் வேலை பார்ப்பவரானாலும், ‘ரகசிய வழி’ என்று காகிதத்தில் ஒரு கோடு போடும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் தலைமுறைக்காரர் தெருவில் செப்படி வித்தை காட்டியவர் என்று வைத்துக்கொண்டோம். அவருக்கு வீடு என்பது திண்ணை, ரேழி, ஒரு கூடம், பின்னால் கிணறு, அவ்வளவுதான். தொழில் அதில் எங்கே தெரியும்? ரேழி மூலையில் ஒரு மூங்கில் தடியைச் சாய்த்து வைத்தோம். 1830 வாக்கில் மதராஸில் சேஷால் என்பவர் ஒரு தடியின் மேல் கையை மட்டும் ஊன்றிக்கொண்டு தரையைத் தொடாமல் அந்தரத்தில் உட்கார்ந்து காட்டினார். இங்கிலாந்துப் பத்திரிகைகள்வரை அந்தச் சேதி போனது. தடிக்குள் இரும்பு, அதிலிருந்து சட்டைக் கைக்குள் புகுந்து உடம்பைத் தாங்கும் சட்டம், இதுதான் அந்த மாதிரி வித்தையின் சூட்சுமம். எங்கள் கதையில் கொள்ளுப்பேரன் அந்தத் தடியை நகர்த்தப் போவான், ஒரு கையால் முடியாது. வசனமே வேண்டாம். நடிகர் கனமாக இருப்பதுபோல் நடித்தால் தோள்பட்டை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் உள்ளே நிஜமாகவே ஒரு கம்பியைச் செருகிவிட்டோம்.

இரண்டாவது ஆள் நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனவர். அவர் காலத்தில்தான் வீட்டுக்கு மாடி வருகிறது, மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிப் போடுகிற மெட்ராஸ் டெரஸ் கூரை வருகிறது, முக்கியமாகக் கண்ணாடி வருகிறது. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மா தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்திறங்கிய காலம் அது. ஆனால் வித்தைக்காரருக்குக் கண்ணாடி அலங்காரப் பொருள் இல்லை. 1865இல் லண்டன் எகிப்தியன் ஹாலில் ஸ்டோடேர் என்பவர் ஒரு மேஜைமேல் பெட்டியை வைத்துத் திறந்தார், உள்ளே இருந்த தலை கண் விழித்துப் பேசியது. மேஜைக்கு அடியில் வெறும் இடம்தான் தெரிந்தது. உண்மையில் மேஜைக் கால்களுக்கு நடுவே சாய்வாக இரண்டு கண்ணாடிகள். அவை பக்கவாட்டுத் திரையைக் காட்ட, பார்த்தவர்கள் பின்பக்கத் திரை என்று நினைத்துக்கொண்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, காலியாக இருக்கிற மேஜைக்கு அடியில் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை!

சரி, வீட்டுக்கு வருவோம். மாடி அறையில் மூன்று மடிப்பு நிலைக்கண்ணாடி ஒன்றை வைத்தோம். வித்தைக்காரர் பழகுவது கண்ணாடி முன்னால்தான், அதுவும் இடது பக்கத்துக்காரன், வலது பக்கத்துக்காரன், நேரே உட்கார்ந்திருப்பவன் என்று மூன்று பேர் கண்ணாலும் தன் கையைப் பார்த்துக்கொள்வார். கண்ணாடியைவிடத் தரைக்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். சிவப்பு சிமெண்ட் தரை முழுக்கப் பளபளப்பு, கண்ணாடி முன்னால் மட்டும் இரண்டு பாதம் அளவுக்கு மெருகு போய்ச் சற்றே குழிந்திருக்கும். வலது பாதத்து இடம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும், திரும்பும்போது அந்தக் காலில்தான் பாரம் விழும் என்பதால். நாற்பது வருடம் ஒரே இடத்தில் நின்ற மனுஷன். பெயிண்டர் அதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். படத்தில் அது எத்தனை நொடி வரும் என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது தலைமுறை, 1950கள். வங்காள மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் ராஜா வேஷத்தில், பெரிய குழுவோடு உலகம் சுற்றிய காலம். எங்கள் ஆளும் டிரங்குப் பெட்டிகளும் ஜிகினா உடுப்புமாக அதே மாதிரி ஆக ஆசைப்பட்டவர். இவர் வீட்டுக்குள் மின்சாரத்தைக் கொண்டுவந்து விளையாடுகிறார். அதற்கான யோசனை பிரான்ஸிலிருந்து கிடைத்தது. நவீன மேஜிக்கின் தகப்பன் என்று சொல்லப்படும் ராபர்ட்-ஹூடின், 1805இல் ப்ளுவா நகரத்தில் கடிகாரக்காரர் வீட்டில் பிறந்தவர், மேடையை விட்ட பிறகு ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் குடியிருந்தார். வாசல் கேட் வீட்டுக்குள்ளிருந்தே மின்சாரத்தில் திறக்கும். அந்த கேட் திறந்து மூடும்போது மணி அடிக்கிற இடைவெளியை வைத்து, வந்திருப்பது ஒருவரா, கும்பலா என்று உள்ளே இருந்தே சொல்லிவிடுவார். சமையலறைக் கதவை ஆட்கள் திறந்து மூடுகிற ஆட்டத்திலேயே கடிகாரத்துக்குச் சாவி ஏறிக்கொள்ளும். வேலையாள் குதிரைக்கு வைத்த ஓட்ஸைத் திருடுகிறான் என்று சந்தேகம் வந்ததும், நேரத்துக்கு மேலேயிருந்து தீனி தானாகக் கொட்டும்படியும், லாயக் கதவு பூட்டியிருந்தால்தான் கொட்டும்படியும் செய்துவிட்டார். மேஜிக்காரர் வீடு என்றால் எனக்கு இதுதான். எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய ஒயர் ஓடுகிற மரப்பட்டிகளைத் தேவைக்கு அதிகமாக ஓடவிட்டோம், நாலைந்து பட்டிகள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது.

நாலாவது தலைமுறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிறந்தநாள் விழாக்களுக்கு ஷோ செய்கிறவர், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு உத்தரத்தை மறைத்துவிட்டார், பரணில் பலூன் பம்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் இயக்குநரோடு சண்டையே போட்டேன். அவருக்குக் கதவு ‘கிரீச்’ என்று கத்த வேண்டும். நான் விடவில்லை. இந்தக் குடும்பத்தில் யாரும் கீலுக்கு எண்ணெய் விட மறக்கமாட்டார்கள், தொழிலே சத்தம் வராமல் திறப்பதுதானே? கடைசியில் வீட்டில் எந்தக் கதவும் கத்தாது, தெருக்கதவு மட்டும் கத்தும், அது வேண்டுமென்றே வைத்த கத்தல், யாராவது உள்ளே வந்தால் தெரிவதற்கு என்று சமாதானமானோம். அந்த யோசனை அவருடையதுதான், என்னுடையதைவிட நல்லது.

இப்போது தப்புக்கு வருகிறேன்.

1880களில் ஜெர்மனியிலிருந்து கிளம்பிய ‘பிளாக் ஆர்ட்’ என்றொரு உத்தி உண்டு. மேடையைக் கறுப்பு வெல்வெட்டால் மூடி, கறுப்பு உடையில் முழுக்க மறைந்த ஆட்கள் பொருள்களைத் தூக்கிப் பறக்கவிடுவார்கள். கறுப்புக்கு முன்னால் கறுப்பு தெரியாது. நாடகக் கம்பெனித் தாத்தா அதைப் பழகுவதற்கு வீட்டிலேயே ஓர் இடம் வைத்திருந்தார் என்று, மாடி அறை அலமாரிக்குப் பின்னால் இரண்டடி அகலம், பதினாலடி நீளத்தில் ஒரு முடுக்கு வரைந்தேன். சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாம் கறுப்பு வெல்வெட். அலமாரியே கதவு. தாழ்ப்பாள் வெளியே, ஏனென்றால் கதையில் அதை வெளியேயிருந்துதான் கண்டுபிடிக்கிறார்கள்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், தொங்கிக்கொண்டிருந்த வெல்வெட்டை ஸ்டேப்ளர் அடிக்க என் உதவியாளர் தம்பி ஒருவர் உள்ளே போனார். அலமாரி திறந்து கிடக்கிறதே என்று வேறு யாரோ சாத்திவிட்டுப் போனார்கள். ஜெனரேட்டர் நின்றது. எல்லோரும் டீக்குப் போய்விட்டார்கள். அவருடைய போன் வெளியே சார்ஜரில். கத்தியிருக்கிறார், அவ்வளவு தடித்த துணி சத்தத்தையும் விழுங்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இருபது நிமிடம் கழித்து யாரோ திறந்தபோது சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. அவர் சொன்னது ஒன்றுதான்: “சார், எது சுவரு, எது கதவுன்னே தெரியல.”

தெரியக்கூடாது என்றுதானே நான் வரைந்தேன்? சாத்தினவர்மேல் பழி போட முடியாது. தப்பு என் வரைபடத்தில் இருந்தது. அந்த முடுக்கில் அன்றைக்குச் சூடான லைட் ஒன்று எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்த இரவில்தான் கிரேட் லஃபாயெட்டைப் பற்றிப் படித்தேன். அந்தக் காலத்தில் மிகப் பெரிய சம்பளம் வாங்கிய மேஜிக் கலைஞர். 1911 மே 9, எடின்பரோ எம்பயர் பேலஸ் தியேட்டர். கடைசிக் காட்சியில் ஒரு விளக்கிலிருந்து மேடைத் துணிகளில் தீப்பிடித்தது. மேடையையும் பார்வையாளர்களையும் பிரிக்கிற நெருப்புத் திரையை இறக்கினார்கள், வாத்தியக் குழு தேசிய கீதம் வாசித்தது, ஏறக்குறைய மூவாயிரம் பார்வையாளர்கள் தப்பித்து வெளியேறினார்கள். மேடைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத்தான் வழியில்லை. தன் வித்தைகளின் ரகசியம் வெளியே போய்விடக்கூடாது என்று லஃபாயெட் பக்கக் கதவைப் பூட்டச் சொல்லியிருந்தார். அவரும் அவர் குழுவினர் பலரும் இறந்தார்கள். முதலில் அவர் உடல் என்று எடுத்துப்போனது அவருக்கு டூப்பாக நடித்தவருடையது. விரலில் இருந்த மோதிரங்களை வைத்துத்தான் பிறகு நிஜமானவரை அடையாளம் கண்டார்கள்.

அதற்கு ஏழு வருடத்துக்கும் சற்று முன்னால், 1903 டிசம்பர் 30, சிகாகோ இராக்வாய் தியேட்டர் தீயில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே வாசல்கள் இருந்தன, ஆனால் அழகுக்காகத் தொங்கவிட்ட திரைச்சீலைக்குப் பின்னால். தாழ்ப்பாள்கள் இருந்தன, ஆனால் யாருக்கும் பழக்கமில்லாத வகை. கதவு மாதிரியே இருந்த ஜன்னல்களைத் திறக்கப் பார்த்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அதற்குப் பிறகுதான், உடம்பால் மோதினாலே திறந்துகொள்கிற குறுக்குக் கம்பி வைத்த கதவு அமெரிக்காவில் வந்தது. நம் ஊர் மால் தியேட்டர்களில் அவசர வழியில் இன்றைக்கு இருப்பது அதுதான்.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? எந்த மறைவுக் கதவும் உள்ளேயிருந்து தள்ளினால் திறக்க வேண்டும், தாழ்ப்பாளுக்குப் பதில் மேக்னட் கேட்ச், கேமராவுக்குத் தாழ்ப்பாள் தெரிய வேண்டுமென்றால் வெளியே டம்மி. முடுக்கு என்றால் இரண்டு பக்கமும் வழி, அகலம் மூன்றடிக்குக் குறையக்கூடாது. ஷாட்டில் அகலமாகத் தெரியும் என்பார்கள், அதைக் கேமராமேன் பார்த்துக்கொள்ளட்டும். யாராவது உள்ளே போனால் வெளியே ஒருவர் நின்றே ஆக வேண்டும், டீ வந்தாலும். வெல்வெட் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ஒரு துண்டை வெட்டி, வெளியே வெட்டவெளியில் இடுக்கியில் பிடித்து நெருப்பு வைத்துப் பார்க்கிறோம். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், சொட்டுகிற இடமெல்லாம் எரியும். தீத்தடுப்புப் பூச்சு கொடுத்த துணி விலை அதிகம்தான். புரொடக்‌ஷனில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கண்ணாடிக்கும் இப்படித்தான். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரித் துண்டாகும், அதனால் ஆள் நடமாடும் உயரத்தில் பொடிப்பொடியாக உடைகிற டஃபன்டு கண்ணாடி அல்லது உடைந்தாலும் துண்டுகள் ஒட்டிக்கொண்டே இருக்கும் லேமினேட்டட்தான், மேஜைக்கு அடியில் வைப்பதற்கு அக்ரிலிக். ஷாட் இல்லாத நேரத்தில் கண்மட்டத்தில் குறுக்கே டேப் ஒட்டியிருக்க வேண்டும். இருப்பதே தெரியாமல் வைத்த கண்ணாடி, வேலை பார்க்கிற லைட்மேனுக்கும் தெரியாது.

இதில் எனக்கு உறுத்தியது இன்னொன்று. வேலையை மறுபடி தொடங்கியபோது எங்கள் ஆசாரி கேட்டார், “ஏன் சார், அந்தத் தாத்தா அவ்ளோ பெரிய வித்தைக்காரருங்கிறீங்க, தான் மாட்டிக்கிற மாதிரியா கதவு செஞ்சிருப்பாரு?” வாய் திறக்க முடியவில்லை. மேடையில் பூட்டுகிற பெட்டி எதுவானாலும் அதைத் திறக்கிற சூட்சுமம் உள்ளே இருப்பவர் கையில்தான் இருக்கும், இல்லையென்றால் வித்தையே இல்லை. வெளியே மட்டும் தாழ்ப்பாள் வைத்தது பாதுகாப்புத் தப்பு மட்டும் இல்லை, கதைத் தப்பும்கூட. அவ்வளவு ஆராய்ச்சி பண்ணிவிட்டு ஜெயிலர் மாதிரி கதவு வரைந்திருக்கிறேன்.

ஆசாரி வெல்வெட்டைப் பிரித்துவிட்டு, கதவின் உள்பக்க மரத்தில் விரல் போகிற அளவுக்கு ஒரு குழி தோண்டினார். இருட்டில் தடவினால் கை தானாகப் போய் நிற்கிற உயரத்தில். அப்புறம் கொஞ்சம் யோசித்து, அதற்கு ஒன்றரை அடி கீழே இன்னொன்று தோண்டினார். அது எதற்கு என்று கேட்டேன்.

“அந்த வீட்டுல சின்னப் புள்ளைங்க இருந்திருக்கும்ல?”