தேயிலையைக் கஷாயம் ஆக்காதீர்கள்

செவ்வாய்க்கிழமை மதியம் வந்தவர் இந்த மாதத்தில் ஐந்தாவது ஆள். திருவிடைமருதூர்ப் பக்கம், 43 வயது, நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஹீமோகுளோபின் 8.4. மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார், ஏறவே இல்லை. கூடவே நெஞ்செரிச்சல், படபடப்பு, ராத்திரி தூக்கமின்மை. டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"பால் டீய விட்டுட்டேம்மா. பொண்ணு குன்னூர் போயிட்டு வரப்ப கிரீன் டீ இலை வாங்கியாந்து குடுத்துச்சு. அதத்தான் காச்சிக் குடிக்கிறேன்."

"எப்படிக்கா காய்ச்சுறீங்க?"

"மூணு கரண்டி போட்டு ஒரு லிட்டர் தண்ணி. பாதியா சுண்டணும். அப்பதானம்மா சத்து எறங்கும்?"

அந்தச் சாற்றை பிளாஸ்க்கில் ஊற்றி வயலுக்கு எடுத்துப் போகிறார். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், பழையதோடு ஒரு டம்ளர், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு டம்ளர். இரும்பு மாத்திரையையும் அதை ஊற்றியே விழுங்குகிறார்.

கும்பகோணத்தில் 19 வருடமாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். "சத்து இறங்கும்" என்ற இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. போன வாரம் ஒரு வங்கி அதிகாரியும் இதையேதான் சொன்னார்.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் வீடுகளில் கஷாயம் என்றால் எட்டு பங்கு தண்ணீரை ஒரு பங்காகச் சுண்ட வைப்பது. சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம் எல்லாம் வேரும் கிழங்குமாக இறுகிப்போனவை, கொதித்தால்தான் விட்டுக்கொடுக்கும். தேயிலை இளந்தளிர். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கிள்ளி, உருட்டி, உலர்த்தித் தருகிறார்கள். சுடுநீர் பட்ட சில நிமிடங்களில் மணமும் காஃபினில் பெரும்பகுதியும் இறங்கிவிடும். அதற்குமேல் கொதிக்கக் கொதிக்க இறங்குவது துவர்ப்பும் கசப்பும்தான். கிரீன் டீயில் எந்தப் பொருளுக்காக இத்தனை விளம்பரமோ, அந்தக் கேட்டச்சின்களே நீண்ட கொதிப்பில் சிதையத் தொடங்கும். இளம்பச்சையாக இருந்த நீர் பழுப்பாக மாறுவதை அடுப்புப் பக்கத்தில் நின்று நீங்களே பார்க்கிறீர்கள். அதைச் சத்து என்று எப்படி நினைக்கத் தோன்றுகிறது?

கும்பகோணத்துக்காரர்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. காபிப் பொடியை யாராவது பாத்திரத்தில் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விடுவார்களா? மாமியார் கரண்டியைப் பிடுங்கிவிடுவார். ஃபில்டரில் பொடி போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். காபிக்குக் காட்டும் அந்தப் பொறுமையைத் தேயிலைக்கும் காட்டுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் இலை தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கிரீன் டீ என்பது ஏதோ தனி மூலிகை, அதில் காஃபின் கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். பிளாக் டீ, கிரீன் டீ, ஊலாங், ஒயிட் டீ நான்கும் ஒரே செடி. பறித்த இலையைக் காற்றில் கறுக்க விட்டால் பிளாக் டீ, உடனே சூடுகாட்டிக் கறுப்பதை நிறுத்தினால் கிரீன் டீ, பாதியில் நிறுத்தினால் ஊலாங். நான்கிலும் காஃபின் உண்டு. ஆவாரம்பூவும் செம்பருத்தியும் வேறு சங்கதி. டீ என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, அவற்றில் தேயிலையே கிடையாது.

அளவு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: 150 முதல் 200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை. முழு இலை லேசானது, ஒரு டீஸ்பூன் தட்டி எடுத்தால் சரியாக வரும். ஒயிட் டீ பஞ்சு போல இருப்பதால் இரண்டு ஸ்பூன் வேண்டும். வித்தியாசப்படுவது சூடும் நேரமும். கிரீன் டீக்கு 75 முதல் 80 டிகிரி, 2 நிமிடம். தெர்மாமீட்டர் எங்கே போவது என்று கேட்பீர்கள். வீட்டில் டவரா டம்ளர் இருக்கிறதே! தளதளவெனக் கொதித்த நீரை டவராவில் ஊற்றி, திரும்ப டம்ளரில் ஊற்றுங்கள், 80ஐ ஒட்டி வந்துவிடும். மொத்தமாகப் போடுகிறவர்கள் மூன்று டம்ளர் கொதிநீருக்கு ஒரு டம்ளர் குடிதண்ணீர் கலந்துகொள்ளலாம், கணக்கு அங்கேயேதான் நிற்கும். பிறகு இலையைப் போட்டு, மூடி, 2 நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும். இலையை உள்ளேயே விட்டுவிட்டு "கசக்குது மேடம்" என்று சொல்லாதீர்கள்.

முழு இலை பிளாக் டீயில் தவறு நேர்மாறாக நடக்கிறது. ஆறிப்போன பிளாஸ்க் தண்ணீரில் போட்டால் அது சவசவ என்றுதான் இருக்கும். அதற்குக் கொதித்த நீர், 3 முதல் 4 நிமிடம். ஊலாங்குக்கு 90 டிகிரி, 3 நிமிடம்; ஒரே இலையில் இரண்டு மூன்று முறை போடலாம், ஆனால் அடுத்தடுத்துப் போட வேண்டும். ஈர இலையை மறுநாளுக்கு எடுத்துவைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும். ஒயிட் டீக்கு 80 டிகிரி, 4 நிமிடத்துக்குக் குறையாமல். கடையில் வாங்கும் குருணையும் தூளும் பால் டீக்கானவை, அவற்றில் இந்த நயமெல்லாம் பார்க்க வேண்டாம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாகை, வேதாரண்யம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் டீ மேலே ஆடை போல ஏதோ மிதக்கிறது, கலப்படமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு இலையின் துவர்ப்போடு சேர்ந்து படிவதுதான் அது. குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கலப்படச் சந்தேகம் இருந்தால், வெள்ளை வடிதாளில் இலையைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பிறகு இலையை அகற்றி, தாளை அலசி, வெளிச்சத்தில் பிடியுங்கள். சாயம் ஏற்றியிருந்தால் கறை அப்பிக்கொண்டு நிற்கும்.

இப்போது அந்த அக்காவின் மாத்திரைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பாதிக்கு மேல்! முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், கேழ்வரகு சாப்பிடுங்கள் என்று நாங்கள் கத்திக்கொண்டே இருக்கிறோம். அதைச் சாப்பிட்ட கையோடு டீயைக் குடித்தால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். உறிஞ்சப்படும் அளவு பாதிக்கும் கீழே போய்விடும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீயும் காபியும் வேண்டாம் என்கிறது. சுண்டக் காய்ச்சிய டீயில் துவர்ப்பு இன்னும் அதிகம். அவருடைய இரத்தசோகைக்கு டீ ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்; அதிக உதிரப்போக்கு, குடற்புழு எல்லாவற்றையும் டாக்டர் பார்க்கிறார். ஆனால் மூன்று மாத மாத்திரையை டீயில் கரைத்தாயிற்றே என்று எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே, இரும்பு மாத்திரைக்குத் தண்ணீர் அல்லது எலுமிச்சைச் சாறு. டீ இரண்டு மணி நேரம் கழித்து. தைராய்டு மாத்திரை போடுகிறவர்களும் அதை வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். வெறும் வயிற்றில் கிரீன் டீ வேண்டாம், குமட்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தினசரிப் பழக்கமாக்காதீர்கள். தூக்கம் வராதவர்கள் மாலை 4 மணியோடு நிறுத்துங்கள். ஆவி பறக்கப் பறக்கக் குடிக்கும் வீரம் வேண்டாம்: 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சேர்த்திருக்கிறது. உடம்பு குறையும் என்று கிரீன் டீ மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், நிறுத்துங்கள். ஒரு டம்ளரில் இருப்பதைப் போலப் பல மடங்கு ஒரே மாத்திரைக்குள் இருக்கலாம்; ஈரல் பாதித்து வந்தவர்கள் உண்டு.

அந்த அக்காவுக்கு மாத்திரை நேரத்தை மாற்றி எழுதிக்கொடுத்தேன். சாயங்காலம் வயலிலிருந்து வந்த பிறகு ஒரே ஒரு டம்ளர், டவராவில் ஆற்றிய தண்ணீரில். பிளாஸ்க்கில் இனி நீர்மோர். பையிலிருந்து அந்தப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். பின்புறம் 80 டிகிரி, 2 நிமிடம் என்று சரியாகவே அச்சிட்டிருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். அவர் எப்படிப் படிப்பார்?

வெளியூரிலிருந்து அம்மாவுக்கு இலை வாங்கி வருகிற பிள்ளைகளே, பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடாதீர்கள். ஒரு வேளை அடுப்படியில் அம்மா பக்கத்தில் நின்று, தண்ணீரை ஆற்றி, இலையைப் போட்டு, இரண்டு நிமிடம் எண்ணி வடிகட்டிக் கொடுங்கள். எந்தெந்த மாத்திரை போடுகிறார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.