நினைவேக்கம்: நாஸ்டால்ஜியா என்ற சொல்லும் லயத்துப் பிள்ளைப் பருவமும்

நாஸ்டால்ஜியா: போன காலத்தையோ விட்டு வந்த இடத்தையோ நினைக்கும்போது இனிப்பும் வலியும் கலந்து எழும் உணர்வு. தமிழில் நினைவேக்கம்.

அகராதிக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தச் சொல் பிறந்ததே மலைநாட்டுக்காரர்களின் துயரத்தில் என்பதால், இலங்கை மலையகத்தில் பிறந்த எனக்கு அதை இரண்டு வரியில் விட்டுவிட மனம் வரவில்லை.

பார்த்தால் பழைய கிரேக்கச் சொல் போலத் தெரியும். பழைய கிரேக்கர் யாரும் இதைச் சொன்னதில்லை. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த யோகன்னஸ் ஹோஃபர் என்ற இளைஞர் தன் ஆய்வேட்டுக்காக உண்டாக்கிய சொல் இது. நோஸ்டோஸ் என்றால் வீடு திரும்புதல். அல்கோஸ் என்றால் வலி. இரண்டையும் ஒட்டினார். சுவிஸ் மக்கள் தங்கள் பேச்சில் ஏற்கெனவே சொல்லிவந்த வீட்டு வலிக்கு ஒரு மருத்துவப் பெயர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவர் எழுதிவைத்த நோயாளிகளில் இருவரை மறக்க முடியாது. ஒருவர், பேர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த மாணவர். சாகக் கிடந்தவர், ஊருக்குக் கூட்டிப்போகிறோம் என்று வண்டியேற்றியதும் வழியிலேயே தேறத் தொடங்கிவிட்டார். இன்னொருத்தி கிராமத்துப் பெண். கீழே விழுந்து அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தாள். சாப்பாட்டையும் மருந்தையும் தள்ளிவிட்டு, எதைக் கேட்டாலும் 'வீட்டுக்குப் போகணும்' என்று மட்டுமே சொன்னாளாம். வீட்டுக்கு அனுப்பியதும் குணமானாள்.

அந்தக் காலத்தில் சுவிஸ் இளைஞர்கள் வெளிநாட்டு அரசர்களிடம் கூலிப்படையாகப் போனார்கள். மலையில் மாடு மேய்க்கும்போது பாடும் பாட்டைக் கேட்டால் அவர்கள் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள், செத்தும் போவார்கள் என்பதால் படைக்குள் அந்தப் பாட்டுக்குத் தடை இருந்ததாக ரூசோ தன் இசை அகராதியில் எழுதியிருக்கிறார். மலையின் மெல்லிய காற்றில் வளர்ந்தவர்களைச் சமவெளியின் கனத்த காற்று நெஞ்சில் அழுத்துகிறது என்று ஷொய்க்ஸர் என்ற அறிஞர் காரணம் சொன்னார். மருத்துவமாக அது நிற்காது. ஆனாலும் மலையகத்து ஹட்டனிலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன எந்தப் பையனிடமும் கேட்டுப் பாருங்கள், முதல் மாதம் நெஞ்சில் என்ன கனத்தது என்று சொல்வான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) வரைக்கும் படை மருத்துவர்கள் இதை ஒரு நோயாகவே பதிந்தார்கள். பிறகு மெல்ல மருத்துவத்தை விட்டு வெளியே வந்தது. இருபதாம் நூற்றாண்டில் இடத்துக்கான வலி என்ற பொருள் பின்னால் போய், காலத்துக்கான வலி என்ற பொருள் முன்னால் வந்தது. இந்த மாற்றத்தைத் தத்துவஞானி காண்ட் 1798லேயே தொட்டுவிட்டார். ஊர் ஊர் என்று ஏங்கியவர்கள் ஊருக்குத் திரும்பியதும் ஏமாந்து போகிறார்கள், ஏனென்றால் அவர்கள் தேடியது ஊரை அல்ல, அங்கே கழிந்த இளமையை என்கிறார்.

நம் மலையகத்தில் இந்த இரண்டு வலியும் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு வந்தன. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்டவர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். (200 ஆண்டு நிறைவில், 2023இல், அதே வழியில் மலையக மக்கள் மீண்டும் நடந்தார்கள்.) அவர்களுடைய நாட்டார் பாடல்களில் இழந்த ஊரும் பனந்தோப்பும் பெற்ற தாயும் திரும்பத் திரும்ப வரும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் கிழவிகள் 'ஊரு' என்று சொன்னால் அது கடலுக்கு அப்பால் உள்ள ஊர்தான். பிறகு 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கோச்சி (ரயில்) ஸ்டேஷனில் ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்து நின்று அழுதது. நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போய்க் குடியேறியவர்களை அங்குள்ளவர்கள் சிலோன்காரர் என்றார்கள். அவர்களும் 'ஊரு' என்று பேசத்தான் செய்தார்கள். இந்த முறை அது இலங்கையில் அவர்கள் விட்டு வந்த தோட்டம்.

எங்கள் தலைமுறையின் ஏக்கம் வேறு. நாங்கள் பிறந்த லயமும் மலையும் அங்கேயேதான் இருக்கின்றன. காலம்தான் போய்விட்டது. இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989இல் தொடங்கியது, ஆனால் லயத்துக்குள் அது வந்து சேர இன்னும் பல வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் தோட்டத்தில் தொலைபேசி என்றால் ஆபீசிலும் துரை (தோட்ட மேலாளர்) பங்களாவிலும்தான்.

நேரத்தை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) சங்கு சொன்னது. பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட அம்மாக்களின் குரல் இருந்தது. பொழுது சாய்ந்து பனி இறங்கும்போது மேட்டு லயத்து வாசலில் நின்று ஓர் அம்மா பெயரை இழுத்துக் கூப்பிட்டால், பள்ளத்தில் கிட்டிப்புள் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கேட்கும். கேட்காவிட்டால் நடு லயத்தில் யாராவது அந்தக் கூப்பாட்டை வாங்கிக் கீழே அனுப்புவார்கள். கேதச் செய்தி, அதாவது சாவுச் செய்தி, சொல்ல ஆள் தோட்டம் தோட்டமாக நடந்து போவார். அவர் வருகிற நடையிலேயே வீட்டுப் பெண்களுக்குப் புரிந்துவிடும்.

காலையில் இலங்கை வானொலியில் பொங்கும் பூம்புனல் என்ற பாட்டு நிகழ்ச்சி. ஒரு வீட்டில் ரேடியோ பாடினால் லயம் முழுக்கக் கேட்கும், ஏனென்றால் காம்பராக்களுக்கு (அறைகளுக்கு) நடுவே இருந்த சுவர் அப்படி.

டிவி வந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1982இல் ரூபவாஹினி என்ற அரசு டிவி தொடங்கி, பிதுருதலாகல மலையுச்சியில் கோபுரம் நின்றது. லயத்தில் கரண்ட் கிடையாது. கார் பேட்டரியில் டிவி ஓடும். பேட்டரி சார்ஜ் இறங்கினால் அதைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து டவுனுக்குச் சுமக்க வேண்டும். ஆசிட் சிந்தினால் சட்டையில் முதலில் எதுவும் தெரியாது, துவைக்கும்போதுதான் அந்த இடம் ஓட்டையாகிக் கையோடு வரும். தமிழ்ப் படம் போடும் நாளுக்காகப் பேட்டரியைச் சேமித்து வைப்பார்கள். அன்றைக்கு ஒருவர் தகரத்தின் மேல் ஏறி அன்டெனாவைத் திருப்புவார், வாசலில் ஒருவர் நின்று உள்ளே கேட்டு மேலே சொல்வார். 'இப்ப?' 'ஆளு தெரியுது, முகம் தெரியல.' 'இப்ப?' 'போச்சு, முன்னாடி இருந்த மாதிரியே வைங்கண்ணே.' படம் முடிய அரை மணி இருக்கும்போது திரை நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கும். பேட்டரி இறங்குகிறது என்று அர்த்தம். உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிய படத்தைக்கூட ஒருவரும் எழுந்து போகாமல் பார்த்தோம். முடிவு தெரியாமல் அணைந்துபோன படங்களுக்கு மறுநாள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள்.

வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போன தாய்மார் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். கடிதத்துக்குப் பதிலாக அந்த நாடா வரும். டேப் ரெக்கார்டரைச் சுற்றி வீடே உட்கார்ந்திருக்கும், சின்னப் பிள்ளை அதோடு பேசப் பார்க்கும். அம்மா 'சாப்பிட்டியா சாமி' என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் இடைவெளி விடுவாள், பதில் வரும் என்பது போல. பிள்ளையும் 'ம்' என்று சொல்லும். இன்றைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளையோடு தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறாள். அதைப் பார்த்தபிறகு போன் வராமலே இருந்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். இராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் லொறி கேட்டு இருட்டில் பங்களாவுக்கு ஓடிய காலம் அது. லொறி வருவதற்குள் போன உயிர்கள் உண்டு. ஒரே காம்பராவில் எட்டுப் பேர் படுத்ததும், மழைநாளில் அட்டை கடித்த காலோடு பள்ளிக்கூடம் போனதும் அதே காலத்தில்தான். அட்டையை விட்டுவிட்டுச் சாயத்தண்ணியின் (பாலில்லாத தேநீரின்) சூட்டை மட்டும் எழுதினால் அது நம் மலையகம் ஆகாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். மனிதருக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையான நினைவுகள்தான் பிற்காலத்தில் அதிகமாகவும் தெளிவாகவும் திரும்பி வருகின்றன என்பது நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் நன்றாக நிறுவிய விஷயம். ஆகவே போனுக்கு முந்திய காலம் என்று நாம் ஏங்குவதில் பாதி, நமக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த காலம். மறு பாதி உண்மையாகவே போன ஒன்று: ஒரே நேரத்தில் ஒரே பாட்டை, ஒரே படத்தை, ஒரே சாவை எல்லோரும் சேர்ந்து கேட்டதும் பார்த்ததும் அழுததும். அதற்கு ஏங்குவதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பெயர் புதிதாக வைக்கிறோமே தவிர உணர்வு தமிழுக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 243ஆம் பாட்டில், தடியூன்றி நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொற்கள் பேசும் ஒரு முதியவர், மருத மரக்கிளையில் ஏறி ஆழமான நீரில் துடுமெனக் குதித்து அடிமணலை அள்ளி வந்த இளமையை நினைக்கிறார். 'இனி நினைந்து இரக்கம் ஆகின்று' என்று தொடங்குகிறார். பாடியவர் பெயர்கூடத் தெரியவில்லை, பாட்டில் வரும் தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். அவர் சொன்ன இரக்கம்தான் நாஸ்டால்ஜியாவுக்கு முதல் தமிழ்ச் சொல் என்பேன். இன்றைக்கு அந்தச் சொல் பிறர்மேல் படும் பரிவாகிவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது. அதே நூலின் 112ஆம் பாட்டில் பாரியின் மகளிர், போன மாதத்து நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது என்கிறார்கள். ஒரே மாதத்துக்கு முந்திய காலம், அதற்கே அவ்வளவு வலி.

ஈழத்தில் எழுதுகிறவர்கள் நனவிடை தோய்தல் என்பார்கள். எழுத்தாளர் எஸ்.பொ. தன் யாழ்ப்பாண இளமை நினைவுகளுக்கு வைத்த தலைப்பு அது. அழகான சொல்லாட்சி, ஆனால் அது நினைவில் மூழ்கும் செயலைச் சொல்கிறது, மனதில் எழும் வலியைச் சொல்லவில்லை. மலரும் நினைவுகள் என்பதில் இனிப்பு மட்டும்தான். பழமை ஏக்கம் என்றால் பழம்பொருள், பழம்பெருமைப் பக்கம் போய்விடுகிறது.

நினைவேக்கம் நிற்பதற்குக் காரணம் அதிலுள்ள ஏக்கம். தூங்கு – தூக்கம், கலங்கு – கலக்கம் போல ஏங்கு – ஏக்கம். இதைத்தான் நம் கிழவிகள் மருத்துவச் சொல்லாகவே வைத்திருந்தார்கள். தாய் வெளிநாடு போன வீட்டில் பிள்ளை சோறு தின்னாமல், மருந்துக்கும் அடங்காத காய்ச்சலில் கிடந்தால், தொட்டுப் பார்த்துவிட்டு 'புள்ள ஏங்கிப் போச்சு' என்பார்கள். மருத்துவமனையில் 'வீட்டுக்குப் போகணும்' என்று கிடந்த பெண்ணுக்கு ஹோஃபர் சொன்னதும் இதைத்தான். கிரேக்கத்திலிருந்து ஒட்டி உண்டாக்கிய சொல்லில் உள்ள நோயும் வலியும் இந்த ஒரு சொல்லில் அப்படியே இருக்கின்றன.

வழக்கில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். போன காலத்துக்கு நினைவேக்கம்: 'பேட்டரி டிவியைப் பற்றிப் பேசினாலே அவருக்கு நினைவேக்கம் வந்துவிடும்.' விட்டு வந்த இடத்துக்கு ஊரேக்கம்: 'துபாய்க்குப் போன முதல் வருஷம் ஊரேக்கத்தில் இளைத்துப்போனான்.' அடைமொழியாக, நினைவேக்கப் பாட்டு, நினைவேக்கக் கட்டுரை என்று எழுதலாம். பழைய தகர டப்பாவையும் மண்ணெண்ணெய் விளக்கையும் அலங்காரத்துக்கு வைத்து விற்பதை நினைவேக்க வியாபாரம் என்றால் புரியும். போன வருஷம் பார்த்த படத்தை ஒருமுறை எண்ணிப் பார்ப்பதற்கெல்லாம் இந்தச் சொல் வேண்டாம், அதற்கு ஞாபகம் போதும்.