ஜியாவ்தோங்யுவான்: தலைமறைவுத் தொடர்பாளர்

சீனப் புரட்சியின் கதைகளில் அடிக்கடி வருகிறவர் ஜியாவ்தோங்யுவான். இது ஒருவருடைய பெயரல்ல, வேலையின் பெயர்: கம்யூனிஸ்ட் கட்சிக்காகக் கடிதங்களையும் பொருள்களையும் ஆட்களையும் ரகசியமாகக் கொண்டுசேர்த்தவர். அவரைத் தமிழில் ‘ஒற்றர்’ என்று எழுதுவது அநியாயம். ஒற்றர் உளவறிகிறவர். இவருடைய வேலையோ, கொடுத்ததை உரிய கையில் சேர்ப்பது; பல நேரம் உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாமல்.

‘ஜியாவ்’ என்றால் குறுக்கே சந்திப்பது, ‘தோங்’ என்றால் தடையில்லாமல் போய்ச் சேர்வது, ‘யுவான்’ என்றால் பணியாளர். சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் கவிஞர் தாவ் யுவான்மிங் ஒரு கிராமத்தை வர்ணிக்கும்போது, வயல் வரப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்ததைச் சொல்ல ‘ஜியாவ்தோங்’ என்றுதான் எழுதினார். 1912இல் அமைந்த சீனக் குடியரசில் ரயில், தபால், தந்தி எல்லாவற்றையும் கவனித்த அமைச்சகத்துக்கும் அதே பெயர். இன்றைய பேச்சில் அது வாகனப் போக்குவரத்து.

1927இல் தேசியவாதக் கட்சித் தலைவர் சியாங் கை-ஷேக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடத் தொடங்கியதும் கட்சி தலைமறைவானது. அதே ஆண்டு ஆகஸ்டில் கூடிய அவசர மாநாடு, நாடு முழுவதும் ரகசியத் தொடர்பு வலை அமைக்க முடிவெடுத்தது. அதில் பெரிய பாதை ஷாங்காயிலிருந்து தெற்கே ஹாங்காங், அங்கிருந்து ஷாந்தௌ வரை கப்பல். சாவ்சோ வரை ரயில். ஹான் ஆற்றில் படகேறி தாபு. அப்புறம் மலைப்பாதையில் இரவு நடை, யோங்திங் வழியாக, கம்யூனிஸ்டுகளின் செஞ்சேனை வசமிருந்த ருயிஜின். பின்னாளில் சீனப் பிரதமரான சூ என்லாய் 1931 டிசம்பரில் ஷாந்தௌவிலிருந்து ருயிஜின் போனதும் இந்த வழியில்தான்.

பாதையின் கிராமத்துப் பகுதி முழுக்க உழவர்கள், படகோட்டிகள் தோளில்தான் நின்றது. செஞ்சேனைப் பகுதிக்குள் உப்பு போகாதபடி அரசு முற்றுகையிட்டிருந்தது. மூங்கில் காவடித்தண்டின் கணுக்களைக் குடைந்து உள்ளே உப்பை அடைத்தார்கள். மலம் அள்ளும் வாளிக்கு இரட்டை அடி வைத்தார்கள். காவலர் அதற்குள் கையை விடமாட்டார். உப்புநீரில் ஊறிய சட்டையை உடுத்திக்கொண்டு போய், அங்கே அலசிக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். கடிதமென்றால் வடிகஞ்சியால் எழுதுவார்கள். காய்ந்தால் வெறும் தாள், அயோடின் பட்டால் நீல எழுத்து.

ஒருவருக்கு அடுத்த ஆளை மட்டுமே தெரியும். பிடிபட்டவரை எவ்வளவு அடித்தாலும் பாதை முழுவதும் அறுந்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. வீட்டிலும் சொல்லக்கூடாது. இரவெல்லாம் எங்கே போனாய் என்று மனைவி கேட்டால் பொய்தான் பதில். இந்த வாழ்க்கையில் ஆகக் கொடுமையானது அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘தூதர்’ அழகான பழஞ்சொல். ஆனால் இன்று தூதரகத்தில் இருப்பவரையே நினைவூட்டுகிறது. ‘கூரியர்’ பார்சல் அலுவலகமாகிவிட்டது. இரண்டுமே உப்பையும் ஆட்களையும் கொண்டுசேர்த்ததை உணர்த்தா. ‘ஜியாவ்தோங்’ என்பதன் பழைய பொருளுக்கு நெருக்கமானது ‘தொடர்பு’. ‘செய்தித் தொடர்பாளர்’ என்பதோடு குழம்பாமலிருக்க, நம் இடதுசாரி இயக்கத்தில் ஏற்கெனவே ஊறிய ‘தலைமறைவு’ என்ற சொல்லை முன்னே சேர்க்கலாம்: தலைமறைவுத் தொடர்பாளர். பாதையை ‘தொடர்புவழி’ என்றும், அவர் தங்கிக் கைமாற்றும் வீட்டை ‘தொடர்புநிலை’ என்றும் எழுதலாம். மிக அவசரம் என்பதற்கு அடையாளமாகக் கோழியிறகு செருகி அனுப்பிய ‘ஜிமாவ்சின்’ மட்டும் எந்தச் சிக்கலும் இல்லாமல் ‘கோழியிறகுக் கடிதம்’.