விமானியாக வேண்டுமா? பணம் கட்டும் முன் காதைக் காட்டுங்கள்

விமானப் பயிற்சியில் சேர நினைப்பவர்கள் கண்ணைத் தவறாமல் சோதித்துக்கொள்கிறார்கள், காதை மறந்துவிடுகிறார்கள். சிறு வயதில் சீழ் வடிந்த காதில் இன்னும் ஓட்டை இருப்பது, மருத்துவத் தகுதிச் சான்றுக்குப் போய் நிற்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

கேட்புத்திறனுக்கு அளவுகோல் தெளிவாகவே இருக்கிறது. வணிக விமானிகளுக்கான முதல் வகுப்புச் சான்றுக்கு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, ஒவ்வொரு காதிலும் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் இழப்பு 35 டெசிபலைத் தாண்டக் கூடாது. 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபல் வரை போகலாம். ஆனால் இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் தலைகாட்டும். இந்த வரம்புகளில் அது கணக்கில் இல்லை. ஆகவே தேறிவிட்டோம் என்று ரிப்போர்ட்டை மடித்து வைக்காமல், அதிலுள்ள ஆடியோகிராமில் (கேட்புத்திறன் வரைபடம்) அந்த இடத்தில் கோடு பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஹெட்போன் சத்தத்தை இப்போதே குறையுங்கள்.

உண்மையில் அதிகம் கவலைப்பட வேண்டியது நடுக்காதையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாயைப் பற்றித்தான். விமானம் மேலேறும்போது நடுக்காதுக் காற்று விரிந்து தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது அப்படியில்லை, எச்சில் விழுங்கினாலோ தாடையை அசைத்தாலோதான் குழாய் திறக்கும். சளியோ அலர்ஜியோ இருந்து குழாய் வீங்கியிருந்தால் செவிப்பறை உள்நோக்கி இழுபடும். அழுத்த வித்தியாசம் பாதரச அளவில் 80–90 மி.மீ.யை எட்டிவிட்டால் என்ன விழுங்கினாலும் திறக்காது. கடும் வலி, செவிப்பறையில் ரத்தக்கசிவு. இரு காதுகளிலும் அழுத்தம் ஏறுமாறாக இருந்தால் திடீர்த் தலைசுற்றலும் வரும். அதுவும் தரையிறங்கும் நேரத்தில்!

அதனால்தான் மூக்கைப் பொத்தி மெல்ல ஊதச் சொல்லி, செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கிறோம். காதுக்குள் காற்றழுத்தத்தை மாற்றி செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி சோதனையில் வரைகோட்டின் உச்சி எதிர்மறை அழுத்தப் பக்கம் நகர்ந்திருந்தால், முதலில் மூக்கைக் கவனிக்க வேண்டும்.

செவிப்பறை ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைக்கலாம். ஆறி, கேட்புத்திறன் சரியானதும் சான்றுக்குப் போகலாம். நடுக்காதில் தோல் செல்கள் திரண்டு எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா, நடுக்காதின் அங்கவடி எலும்பில் செய்த அறுவை, உட்காது பாதித்துத் தலைசுற்றல் தரும் மெனியர் நோய் ஆகியவை வேறு ரகம். இவற்றில் அந்தந்த நாட்டு விமான ஒழுங்குமுறை ஆணையத்தின் முடிவுதான் இறுதி. பழைய அறுவை சிகிச்சையை மறைக்காதீர்கள், தழும்பு பரிசோதனையில் தெரிந்துவிடும். அறுவைக் குறிப்பையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஆடியோகிராம்களையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.