விவசாய ஆலோசனைக்காகக் கொழும்பு பஸ் ஏறாதீர்கள்

விவசாய அமைச்சு இருக்கும் பத்தரமுல்லையில் ஃபைலோடு அலையும் வடக்கு, கிழக்கு விவசாயிகளிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். மிளகாயில் ஏதோ புது நோய். ஊரில் கேட்ட இடத்தில் ஒழுங்கான பதில் இல்லை. "கொழும்பில பெரிய இடத்தில சொன்னால்தான் அசைவினம்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரவு பஸ் ஏறி வந்து, காலையில் 177ஆம் இலக்க பஸ் பிடித்து அமைச்சுக்குப் போகிறார்கள். விவசாயத் திணைக்களம் இருப்பது பேராதனையில். அங்கே கேட்டால், வடக்கு கிழக்கில் விவசாய விரிவாக்கம், அதாவது விவசாயிக்கு ஆலோசனையும் பயிற்சியும் கொடுக்கும் வேலை, பெரும்பாலும் மாகாண சபைக்குரியது என்பார்கள். கொழும்பு 7இல் இருக்கும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குப் போனாலும், உங்கள் ஊர்க் கமநல சேவை நிலையத்துக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள். சட்டப்படி எல்லாமே சரி. செலவழிந்தது விவசாயியின் காசும் நாளும் மட்டுமே.

ஆகவே முதலாவது: ஆலோசனை உங்கள் காணி இருக்கும் கமநல சேவைப் பிரிவில்தான் கிடைக்கும். அங்கே கேட்க வேண்டியது விவசாயப் போதனாசிரியரை. அதற்குக் கட்டணம் இல்லை. காணி உறுதியும் தேவையில்லை. காணிப் பதிவு, பத்திரம் என்று கேட்பது உர மானியம் போன்ற கொடுப்பனவுகளுக்கு. இரண்டையும் குழப்பி, "காணிப் பத்திரம் கொண்டுவாங்கோ" என்று ஆலோசனை கேட்க வந்தவரையும் திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. மானியம் கேட்க வரவில்லை, நோய்க்கு வழி கேட்க வந்தேன் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த சிக்கல் ஆளை அடையாளம் காண்பது. ஊருக்குள் அடிக்கடி கண்ணில் படுகிற ஏ.ஆர்.பி.ஏ. (விவசாய ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளர்) கமநலத் திணைக்களத்தின் ஆள். பதிவு, ஏக்கர் வரி, உரப் பட்டியல் அவரிடம். பயிர்த் தொழில்நுட்பம் போதனாசிரியரிடம். பல இடங்களில் இருவரும் ஒரே வளவில் இருப்பதால், ஒருவரிடம் சொன்னது மற்றவருக்கும் போய்ச் சேரும் என்று நம்பிவிடுகிறார்கள். சேராது. போதனாசிரியர் வயலுக்குப் போகாமல் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். நோய் பிடித்த செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுபோங்கள். ஒற்றை இலையைப் பார்த்து ஒருவராலும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

ஒரு போதனாசிரியருக்கு ஏன் இத்தனை ஊர்கள்? 1989-90 காலத்தில் ஊர் மட்டத்தில் இருந்த விரிவாக்க உத்தியோகத்தர்களைக் கிராம சேவையாளர்களாக மாற்றிவிட்டார்கள். அந்த இடம் பழையபடி நிரம்பவே இல்லை. அதனால் பயிற்சியும் செய்துகாட்டலும் ஊருக்குள் வருவது கமக்காரர் அமைப்பின் தலைவர் கொடுக்கும் பெயர்ப் பட்டியல் வழியாகத்தான். நாற்றை எறிந்து நடும் பரசூட் முறையோ சொட்டு நீர்ப்பாசனமோ, எதற்கும் கூப்பிடப்படுவது திரும்பத் திரும்ப அதே பத்து வீடுகள்தான். மற்றவர்கள் வேலிக்கு மேலால் பார்த்துப் பழக வேண்டியதுதான். இதை உடைக்க அமைப்பில் உங்கள் பெயரிலேயே அங்கத்துவம் எடுங்கள். பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். வயலில் நிற்பது நீங்கள், பதிவில் கணவர் பெயர் என்றால் பயிற்சிக் கடிதம் அவருக்குத்தான் வரும். அவர் சவூதியில் இருந்தாலும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு ஊர்க் காணியை உறவினரிடம் விட்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கமநலப் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறது. குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கோ விதைக்கிறவரின் பெயர் எங்கும் இல்லை. வயற்காணியில் குத்தகைக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்ற பயத்தில் எழுத்தில் எதுவும் கொடுக்க மாட்டோம் என்கிறீர்கள். பயம் வெறும் கற்பனையல்ல. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறதுதான். ஆனால் விளைவு என்ன? பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியும் விதைப்புக் காலமும் முடிவாகும்போது, உண்மையில் விதைக்கிறவரின் குரல் எடுபடுவதில்லை. குறைந்தது கூட்ட அறிவித்தல் அவருக்குப் போகும்படியாவது நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.

அலுவலகம் கைவிட்டால் மிஞ்சுவது மருந்துக் கடை. 2018இல் சேனைப் படைப்புழு சோளத்தை அரித்தபோது பலருக்கு முதல் ஆலோசகர் கடைக்காரர்தான். அவருக்கு விற்பனை அனுமதி இருக்கலாம், ஆனால் விற்றால்தான் அவருக்கு வருமானம். இரண்டு மூன்று போத்தலைக் கலந்து அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். போத்தலின் தமிழ் லேபலில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா, அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லேபல் கிழிந்த போத்தல் வேண்டாம். வாங்குமுன் 1920க்கு எடுத்துக் கேளுங்கள்; விவசாயத் திணைக்களத்தின் இலவச ஆலோசனை இலக்கம் அது. காணிப் பதிவே இல்லாத தோட்டப்புற மரக்கறிச் செய்கையாளர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இலக்கத்தைத்தான்.

பயிரைப் பொறுத்துக் கதவும் மாறும். தேயிலைக்குச் சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபை. தென்னைக்குத் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை. மிளகு, கறுவாவுக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களம். தென்னைக்குக் கீழே மிளகு நட்டவர் இரண்டு இடத்துக்கு நடக்க வேண்டும். இதை வகுத்தவர்கள் ஒரு தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தார்களோ தெரியாது.

பயிற்சிப் பட்டியலில் உங்கள் பெயர் தொடர்ந்து விடுபட்டால் வாய்ச் சண்டை வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடந்த இரு போகங்களில் உங்கள் பிரிவில் என்னென்ன பயிற்சி நடந்தது, பங்குபற்றியோரை எந்த அடிப்படையில் தெரிந்தார்கள் என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டு வாங்காமல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.