எம்பி தவறு செய்தால் ஆசனம் போகுமா? கட்சியின் கையில் இருப்பதும் இல்லாததும்

"ஒழுக்காற்று விசாரணை முடியும்வரை கட்சியில் இருந்து இடைநிறுத்தம்" என்று செய்தி வந்த உடனே, அந்த எம்பியின் பதவி போய்விட்டதாகத்தான் அட்டனிலும் பண்டாரவளையிலும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இடைநிறுத்தப்பட்டவர் மறுநாளும் பாராளுமன்றத்தில் உட்காரலாம், பேசலாம், வாக்களிக்கலாம், சம்பளமும் வாங்கலாம். கட்சி அவரிடமிருந்து எடுத்திருப்பது தான் கொடுத்த பொறுப்புகளை மட்டும்தான்: தொகுதி அமைப்பாளர் பதவி, செயற்குழு இடம், இளைஞர் அணித் தலைமை, இப்படி.

அமைச்சர் பதவி போவதும் ஆசனம் போவதும் ஒன்றல்ல. கண்டி மாவட்டத்தில் இருந்து தெரிவான கெஹெலிய ரம்புக்வெல்ல சுகாதார அமைச்சராக இருந்தபோது, மருந்துக் கொள்வனவு தொடர்பில் அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. 2023 செப்டெம்பரில் அது 73க்கு 113 என்ற வாக்குகளால் தோற்றது. அவருடைய கட்சி அவர் பக்கமே நின்றது. அடுத்த மாதம் அவரைச் சுற்றாடல் அமைச்சுக்கு மாற்றினார்கள். 2024 பெப்ரவரியில் கைதான பிறகுதான் அமைச்சுப் பதவியை விட்டார். குற்றச்சாட்டு சரியா பிழையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் கவனிக்க வேண்டியது, விளக்கமறியலில் இருந்தபோதும் அவர் எம்பியாகவே இருந்தார் என்பதை. இப்போதைய ஆளும் தரப்பிலும் இதே கதைதான். கலாநிதிப் பட்டம் பற்றிய சர்ச்சையில் அசோக ரன்வல 2024 டிசம்பரில் சபாநாயகர் பதவியில் இருந்து விலகினார். உறுப்பினர் பதவியில் இருந்து விலகவில்லை.

சரி, ஆசனத்தைப் பறிக்கக் கட்சிக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அரசியலமைப்பின் 99(13) உறுப்புரை அதைச் சொல்கிறது. ஒருவர் எந்தக் கட்சியின் நியமனப் பத்திரத்தில் பெயர் போட்டுத் தெரிவானாரோ, அந்தக் கட்சியின் உறுப்பினராக இல்லாமல் போனால், ஒரு மாதம் கழித்து அவருடைய ஆசனம் வெற்றிடமாகும். தானாக விலகினாலும் இதுதான், கட்சி வெளியேற்றினாலும் இதுதான். வெளியேற்றப்பட்டவருக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மூன்று நீதியரசர்களுக்குக் குறையாத அமர்வு அதைக் கேட்டு, இரண்டு மாதத்துக்குள் தீர்மானிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அது இழுபடுவதும் உண்டு. வெளியேற்றம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் ஆசனம் தங்கும். செல்லும் என்றால் தீர்மானம் வந்த நாளில் இருந்து ஆசனம் போகும்.

நீதிமன்றம் இங்கே முக்கியமாகப் பார்ப்பது நடைமுறையை. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தார்களா, பதில் சொல்ல நேரம் கொடுத்தார்களா, கட்சி யாப்பில் சொன்னபடி சரியான குழு கூடித்தான் முடிவெடுத்ததா? சரத் அமுனுகமவையும் வேறு சிலரையும் ஐக்கிய தேசியக் கட்சி வெளியேற்றியது, அவர்களுடைய பக்க நியாயத்தைக் கேட்காமல் செய்யப்பட்டது என்பதால் 2000ஆம் ஆண்டில் செல்லாமல் போனது. ஆகவே ஒரு கட்சி "உடனடியாக விலக்கிவிட்டோம்" என்று ஒரே இரவில் அறிக்கை விட்டால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். அவசரமாகச் செய்த வெளியேற்றம்தான் நீதிமன்றத்தில் முதலில் உடையும்.

இந்த அதிகாரம் யார்மீது பயன்பட்டது என்று பாருங்கள். 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான குற்றப் பிரேரணையில் சேர்ந்ததற்காக, நுவரெலியா மஸ்கெலியா தொகுதியை முன்பு பிரதிநிதித்துவம் செய்த காமினி திசாநாயக்கவும் லலித் அத்துலத்முதலியும் ஐக்கிய தேசியக் கட்சியில் இருந்து வெளியேற்றப்பட்டார்கள். அது செல்லும் என்றது நீதிமன்றம். கட்சி முடிவை மீறி வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களித்த முஸ்லிம் காங்கிரஸ் எம்பி நசீர் அஹமட் 2023 அக்டோபரில் ஆசனத்தை இழந்தார். எதிர்க்கட்சியில் தெரிவாகி அமைச்சுப் பதவி எடுத்த ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் 2024 ஆகஸ்ட் 9ஆம் திகதி இழந்தார்கள். ஹரின் ஒருகாலத்தில் ஊவா முதலமைச்சராக இருந்தவர், பதுளைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இவர்களில் ஒருவர்கூட இலஞ்சத்துக்காகவோ, யாரையும் அடித்ததற்காகவோ, ஒரு பெண்ணிடம் தவறாக நடந்ததற்காகவோ வெளியேற்றப்படவில்லை. எல்லாமே கட்சி சொன்ன பக்கம் நிற்காததற்கான தண்டனை. என் கணிப்பில் காரணம் எளிது. வாக்கு மாறுகிறவர் கட்சிக்கு நட்டம். கெட்ட பெயர் எடுத்தவர் இன்னும் ஒரு வாக்குத்தான். இத்தனைக்கும் ஆசனம் கட்சியை விட்டுப் போவதில்லை. ஒருவர் போனால் அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் வருவார்; நசீர் அஹமட்டின் இடத்துக்கு அலி ஸாஹிர் மௌலானா வந்தது அப்படித்தான். அதனால் "எண்ணிக்கை குறைந்துவிடும்" என்று கட்சிக்காரர் சொல்லும் சாக்கை நம்ப வேண்டாம். உண்மையான பயம் அந்த ஆளுடைய வாக்கு வங்கியைப் பற்றியது.

இனி மலையகத்தின் தனிச் சிக்கலுக்கு வருவோம். நம்முடைய கட்சிகள் பெரும்பாலும் பாராளுமன்றத் தேர்தலில் இன்னொருவர் சின்னத்தில்தான் நிற்கின்றன. 2020இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பொதுஜன பெரமுனவின் மொட்டில் நின்றது, தமிழ் முற்போக்குக் கூட்டணி ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசியில் நின்றது. 2024இல் தொழிலாளர் காங்கிரஸின் ஜீவன் தொண்டமான் ஐக்கிய தேசியக் கட்சியின் யானையில் தெரிவானார். சட்டம் கேட்பது நியமனப் பத்திரத்தில் இருந்த கட்சியை. அதனால் அட்டனில் இருக்கும் தாய்க்கட்சி தன் எம்பியை எவ்வளவு கடுமையாக விலக்கினாலும், பட்டியலைக் கொடுத்த கொழும்புக் கட்சி விலக்காதவரை ஆசனம் அசையாது.

இதை நாம் நேரிலேயே பார்த்தோம். 2020 அக்டோபரில் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்த பதுளை எம்பி அரவிந்தகுமாருக்கு எதிராகத் தமிழ் முற்போக்குக் கூட்டணி நடவடிக்கை எடுத்தது. அவர் பெயர் இருந்ததோ ஐக்கிய மக்கள் சக்தியின் பட்டியலில். பிறகு இராஜாங்க அமைச்சராகவும் ஆனார், 2024இல் பாராளுமன்றம் கலையும்வரை எம்பியாகவே இருந்தார். நசீர் அஹமட் மட்டும் ஏன் மாட்டினார் என்றால், மட்டக்களப்பில் முஸ்லிம் காங்கிரஸ் தன் சொந்தப் பட்டியலில் நின்றது. புத்தளத்தில் முஸ்லிம் தேசியக் கூட்டணிப் பட்டியலில் தெரிவான அலி சப்ரி ரஹீம் 2023 மே மாதம் கட்டுநாயக்கவில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தோடு பிடிபட்டு 75 இலட்சம் ரூபா தண்டம் கட்டினார். அவருடைய ஆசனமும் கடைசிவரை இருந்தது. 2024இல் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போனது. அந்த ஐவர் விஷயத்தில் "பட்டியல் எங்களுடையதல்ல" என்ற சாக்கு கிடையாது. பட்டியலும் கட்சியும் ஒன்று.

கட்சி ஒன்றும் செய்யாவிட்டால் நீதிமன்றம் செய்யுமா? செய்யும், ஆனால் ஒரு வரம்போடு. இரண்டு வருடமாவது சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர் வாக்காளர் தகுதியை இழப்பார், அதோடு எம்பி பதவியும் போகும். நீதிமன்ற அவமதிப்புக்காக 2021 ஜனவரியில் நான்கு வருடக் கடூழியச் சிறை பெற்ற ரஞ்சன் ராமநாயக்கவின் ஆசனம் அப்படித்தான் வெற்றிடமானது. ஆனால் மேன்முறையீடு நிலுவையில் இருந்தால் கதை வேறு. இரத்தினபுரியின் பிரேமலால் ஜயசேகர 2020இல் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட நிலையில்தான் எம்பியாகச் சத்தியப்பிரமாணம் செய்தார். 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. கைது, குற்றப்பத்திரிகை, பிணை, இவை எதுவும் ஆசனத்தைத் தொடாது.

பாராளுமன்றத்துக்கென்று ஒரு ஒழுக்கக்கோவையும் ஒழுக்கவியல் சிறப்புரிமைக் குழுவும் உண்டு. 2018 நவம்பரில் சபைக்குள் மிளகாய்த்தூள் வீசியதைப் பார்த்தவர்களுக்கு அதன் பலம் தெரியும். சில வாரம் சபை அமர்வுக்கு வர வேண்டாம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டு எம்பியைத் திரும்ப அழைக்கும் முறையும் இலங்கையில் இல்லை.

ஆகவே கட்சி உண்மையில் ஒருவரைத் தண்டிக்கிறதா என்பது தெரியும் நாள், நியமனப் பத்திரம் தாக்கலாகும் நாள். 2018 ஜனவரியில் பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலை அதிபரை முழந்தாளிட வைத்தார் என்ற புகார் அப்போதைய ஊவா முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்கமீது வந்தது. மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பை விட்டார், முதலமைச்சராகத் தொடர்ந்தார். 2020இல் மொட்டுப் பட்டியலில் இடம் கிடைத்தது, வென்றார். 2024இல் புதிய ஜனநாயக முன்னணியின் சிலிண்டரில் நின்றார், அப்போதும் வென்றார். பட்டியலில் இடம் கொடுத்தது கட்சிகள்தான், ஆனால் விருப்பு வாக்குப் போட்டது பதுளை மாவட்டத்து மக்கள்.

சரி, ஒரு எம்பிமீது முறைப்பாடு இருந்தால் எங்கே போவது? பணம், ஒப்பந்தம், வேலை வாங்கித் தருவதாகக் காசு, இப்படியான விஷயம் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி 1954. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி எம்பிகள் ஆண்டுதோறும் சொத்து விவரம் கொடுக்க வேண்டும், அது ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் வெளியாகும். தோட்டத்துக்கு வாக்குக் கேட்டு வருகிறவருக்கு எத்தனை வாகனம் என்று அங்கே பார்க்கலாம். அடி, மிரட்டல், பாலியல் தொல்லை என்றால் முதலில் பொலிஸ். கட்சித் தலைமைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கட்சியின் விசாரணை அறிக்கையை வெளியிடும்படி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பாராளுமன்றத்திடமும் தேர்தல் ஆணைக்குழுவிடமும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், 14 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கட்சிக்கும் எழுதுவதென்றால், உள்ளூர் அலுவலகத்துக்கு மட்டும் எழுதி விடாதீர்கள். தெரிவான பட்டியல் யாருடையதோ அந்தக் கட்சியின் பொதுச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு பிரதி போகட்டும். அப்புறம், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நகரத்துக்காரரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. நம்முடைய கட்சிகள் பல தொழிற்சங்கமும்தான், சங்கம் ஓடுவது சம்பளத்தில் வெட்டும் சந்தாவில். எந்தச் சங்கத்துக்குச் சந்தா என்பது தொழிலாளியின் விருப்பம். நிறுத்த வேண்டும் என்றால் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதச் சம்பளத் துண்டில் வெட்டு நின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.