விமானத்தில் போகும் உணவு: தரையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்

உணவுப் பொருட்களை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பயணம் எத்தனை மணி நேரம்?" என்றுதான். 8 மணி நேரம் என்றால் நிம்மதியாகிவிடுவார்கள். 12 மணி நேரம் குளிர் தாங்கும் பெட்டி இருந்தால் போதும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுவார்கள்.

நான் அவர்களைக் கணக்குப் போடச் சொல்லும் நேரம் வேறு. பெட்டியை ஒட்டி மூடிய நிமிடத்தில் தொடங்கி, அந்தப் பக்கம் வாங்குபவரின் குளிர் அறைக்குள் அது போகும் நிமிடம் வரை. நடுவே என்னென்ன இருக்கிறது பாருங்கள்: லாரிப் பயணம், சரக்கு முனையத்தில் எடை போடுவது, எக்ஸ்ரே சோதனை, பேலட் என்ற அடித்தட்டில் அடுக்கி வலை கட்டும்வரை காத்திருப்பு, விமானத்தின் அருகே வெயிலில் நிற்கும் நேரம். இறங்கிய பிறகு சுங்கம், உணவு ஆய்வு, மறுபடியும் லாரி. 8 மணி நேரப் பயணம் 36 மணி நேரமாகிவிடும். வழியில் விமானம் மாறினால் 48ஐத் தாண்டுவதும் உண்டு.

ஒருமுறை நேரடி விமானம், தாமதமே இல்லை, ஆனாலும் சரக்கு கெட்டுவிட்டது. பெட்டிக்குள் வைத்திருந்த டேட்டா லாகரை, அதாவது வெப்பநிலையை விடாமல் பதியும் சின்னக் கருவியை, எடுத்துப் பார்த்தோம். வானத்தில் இருந்த நேரம் முழுக்க வெப்பநிலைக் கோடு கிட்டத்தட்ட அசையவில்லை. புறப்படுவதற்கு முன் வெட்டவெளியில் நின்ற இரண்டு மணி நேரத்தில் நேராக ஏறியிருந்தது. ஏறிய சூடு பிறகு இறங்கவும் இல்லை. அன்றிலிருந்து லாகர் இல்லாமல் நான் எந்தச் சரக்கையும் அனுப்புவதில்லை. பெட்டியின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று இரண்டு வைத்தால் இன்னும் நல்லது.

புதிய பொருளும் உறைந்த பொருளும் இரண்டு தனித்தனி வேலைகள். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி நஷ்டம் வருகிறது.

பறித்த பிறகும் காயும் பழமும் உயிரோடுதான் இருக்கின்றன. மூச்சு விடுகின்றன, அதனால் உள்ளே சூடு உண்டாகிறது. தோட்டத்துச் சூட்டோடு அப்படியே பெட்டியில் அடைத்துவிட்டு, பெட்டி குளிர்வித்துவிடும் என்று நினைப்பது தவறு. தெர்மோகோல் பெட்டி எதையும் குளிர்விக்காது, உள்ளே இருக்கும் குளிர் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதனால் பொருளை முதலிலேயே அதற்குரிய வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த வெப்பநிலையும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. ஸ்ட்ராபெர்ரிக்கு 0 டிகிரி பொருந்தும். வாழைப்பழத்தைச் சுமார் 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் தோல் கறுத்து, சரியாகப் பழுக்காமலே போய்விடும். பழுக்கும் ஆப்பிளும் தக்காளியும் எத்திலீன் வாயுவை விடும். கீரையை அதே பெட்டியில் வைத்தால் போய்ச் சேருவதற்குள் மஞ்சளாகிவிடும்.

உறைந்த உணவுக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரங்கள் சொல்லும் எல்லை மைனஸ் 18 டிகிரி. நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதில்தான். பார்ப்பதற்குக் கல் மாதிரி உறைந்திருக்கிறதே என்று ஜெல் பேக்கைப் போட்டு அனுப்புகிறார்கள். சாதாரண ஜெல் பேக் 0 டிகிரியை ஒட்டி உருகுகிறது. உள்ளே இருக்கும் பொருளை அது மைனஸ் 18ல் வைத்திருக்க வழியே இல்லை. இதற்கு டிரை ஐஸ்தான் வேண்டும், அதாவது கட்டியாக உறைந்த கார்பன் டை ஆக்சைடு. அது மைனஸ் 78.5 டிகிரியில், உருகாமல் நேரடியாக வாயுவாகிறது. அப்புறம் இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன்: கீரைப் பெட்டியில் டிரை ஐஸ் வைத்து அனுப்பி, அங்கே திறந்தபோது இலைகள் எல்லாம் உறைந்து, பிறகு கூழாகிப் போயிருந்தன.

டிரை ஐஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது மனித உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடாக மாறும். காற்று புகாதபடி பெட்டியைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டினால் பெட்டி உப்பும், வெடிக்கவும் செய்யும். வாயு வெளியேற வழி கட்டாயம் இருக்க வேண்டும். மூடிய அறையிலோ வண்டியிலோ அது சேர்ந்தால் அங்கே நிற்பவருக்கு மூச்சு முட்டும், மயக்கம் வரும். விமானத்தின் சரக்கு அறையிலும் இதே ஆபத்துதான், பக்கத்தில் உயிருள்ள விலங்குகள் இருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் இது 9ஆம் வகுப்பு ஆபத்தான சரக்காகக் கருதப்படுகிறது. பெட்டியின் மேல் டிரை ஐஸைக் குறிக்கும் யுஎன் 1845 என்ற எண், நிகர எடை கிலோவில், 9ஆம் வகுப்பு லேபிள் ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். ஒரு பெட்டிக்கு உச்ச அளவு 200 கிலோ. ஒரு விமானத்தில் மொத்தம் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு நிறுவனங்கள் தனி வரம்பு வைத்திருக்கின்றன. முன்பதிவின்போதே அளவைச் சொல்லிவிடுங்கள். முனையத்தில் போய்ச் சொன்னால் பெட்டியை இறக்கிவைத்துவிடுவார்கள், குளிர் கரைந்துகொண்டிருக்கும்.

மீனுக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு, கசிவு. உப்பு நீர் விமானத்தின் உலோகத்தை அரிக்கும். இரட்டைப் பை, உறிஞ்சும் விரிப்பு என்று விமான நிறுவனங்கள் கறாராக இருப்பது இதனால்தான். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வழியில் சூடானால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். மறுபடி உறையவைத்தாலும் அது போகாது, சமைத்தாலும் அழியாது. மோந்து பார்த்தால் நன்றாக இருக்கிறதே என்று நம்பிச் சாப்பிடுகிறவர் முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியுமாய்ப் படுத்துவிடுவார்.

சரி, காகிதங்கள். இன்வாய்சில் ஒரு எடை, சுகாதாரச் சான்றிதழில் வேறு எடை. இந்த ஒரு வித்தியாசத்துக்காக ஒரு சரக்கு இரண்டு நாள் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தாவரப் பொருளுக்குப் பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் பைட்டோசானிட்டரி சான்றிதழ், மரப் பேலட்டுக்கு மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை. சில நாடுகள் முன்னறிவிப்பும் கேட்கும். அமெரிக்கா என்றால் விமானம் சேருவதற்குக் குறைந்தது 4 மணி நேரத்துக்கு முன் அதைக் கொடுத்திருக்க வேண்டும். வார இறுதியில் போய்ச் சேரும்படி அனுப்பாதீர்கள். ஆய்வாளர் வரும்வரை பெட்டி சும்மா நிற்கும்.

செலவைக் குறைக்கப் பெட்டியின் சுவரை மெலிதாக்குபவர்கள் நிறைய. காரணம் புரிகிறது. விமானச் சரக்கில் பெட்டியின் கன அளவைக் கன சென்டிமீட்டரில் எடுத்து, 6000ஆல் வகுத்து வரும் எடையையும் பார்ப்பார்கள். 60, 40, 40 சென்டிமீட்டர் பெட்டிக்கு அது 16 கிலோ. மொத்த எடை 9 கிலோதான் என்றாலும் 16 கிலோவுக்குக் கட்டணம். ஆனால் தடிமனில் மிச்சம் பிடித்த பணம், ஒரே ஒரு தாமதத்தில் போய்விடும். பெட்டிக்குள் வெற்றிடம் இல்லாமல் அடுக்கிச் சிக்கனம் செய்யுங்கள், சுவரில் கை வைக்காதீர்கள்.

கெட்டுப்போனால் ஈடு கிடைக்குமா என்று கேட்பார்கள். 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சரக்கு சேதத்தை 14 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். விமான நிறுவனத்தின் பொறுப்பு வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அதுவும் உங்கள் பேக்கிங்தான் காரணம் என்று விமான நிறுவனம் நிரூபித்துவிட்டால் அவர்கள் பொறுப்பல்ல. காப்பீடு எடுங்கள். எடுக்கும்போது தாமதத்தால் வரும் நஷ்டம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

வாங்குகிறவரிடமும் பேசிவைப்பது முக்கியம். பெட்டி வந்ததும் கம்பித் தெர்மாமீட்டரைப் பொட்டலங்களின் நடுவே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறைந்த உணவுப் பைக்குள் பொடிப்பனி நிறையச் சேர்ந்திருந்தாலோ, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தாலோ, வழியில் இளகி மறுபடி உறைந்ததா என்று சந்தேகப்பட வேண்டும். லாகரின் பதிவை எனக்கு அனுப்பிவிட்டு, இதை விற்கலாமா என்று கேட்டு வரும் அழைப்புகள் எனக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டு உண்டு. கோடு எல்லையைத் தாண்டியிருந்தால், எவ்வளவு பெரிய சரக்காக இருந்தாலும் விற்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.